அப்பா பெயருக்குத் திரும்பாதவன்

எழுந்திருக்க மாட்டார் என்று சொன்ன மருத்துவருக்கு என் அண்ணனைத் தெரியாது. இதை அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவர் கைக்குக் கிடைத்தது ஒரு மண்டை. அதற்குள் வீங்கிய மூளை. திரையில் சாம்பலும் வெள்ளையுமாக அடுக்கடுக்காய்ப் படங்கள். மூளை வீங்க இடம் வேண்டுமென்று மண்டையோட்டில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, அது கெட்டுப்போகாமல் இருக்க அவன் வயிற்றுத் தோலுக்கடியிலேயே தைத்து வைத்திருந்தார்கள். தலையின் ஒரு பகுதியை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான் என் அண்ணன். வயிறு காய்ந்தால் மூளை ஓடாது என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். கடைசியில் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார்களே என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூலை மழை. தாபோடி ரயில் நிலையத்தை ஒட்டிய சாலை. அண்ணனின் பைக்குக்குக் குறுக்கே நாய் வந்தது. அண்ணன் நாயைக் காப்பாற்றினான். ஹெல்மெட் இருந்தது, இடது முழங்கையில், வளையல் மாதிரி. புனேக்காரர்களுக்கு ஹெல்மெட் என்றால் போலீஸைக் கண்டால் போட்டுக்கொள்கிற தொப்பி. அண்ணனும் அதில் அசல் புனேக்காரன்தான். முழங்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

எங்களை உட்காரவைத்துப் பேசிய அறையில் ஒரு பிளாஸ்டிக் செடி. இலைகளை யாரோ தினமும் துடைக்கிறார்கள், தூசியே இல்லை. ஒரு பக்கம் மதினியும் அவள் மகளும், இன்னொரு பக்கம் நான். மதினி எங்கள் ஊர்ப்பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். தாபோடியில் முப்பது வருஷமாகியும் திருநெல்வேலியைக் கீழே இறக்கி வைக்காதவள். மகளுக்கு மகர்பட்டா ஐடி வளாகத்தில் வேலை. வேலையிலிருந்து ஓடி வந்த கழுத்தில் அலுவலக அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. 

மருத்துவருக்குக் காதோரம் நரை. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். தமிழில் அது இப்படி வரும்: மயக்க மருந்தை நிறுத்திவிட்டோம். அதற்குப் பிறகும் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கையை அழுத்துங்கள் என்றால் அழுத்தவில்லை. நகத்தில் வலி கொடுத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். இவர் கையை மெதுவாக மடக்குகிறார், அது நல்ல மடக்கல் இல்லை. இந்த வயதில், இப்படிப்பட்ட ஸ்கேனோடும், சுயநினைவுக்கு நாங்கள் போடும் இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணோடும் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்புவதில்லை. திரும்பினாலும், நீங்கள் அறிந்த ஆளாகத் திரும்புவதில்லை.

எங்கள்முன் இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று, தொண்டையில் துளை போட்டு, குழாயை அங்கே மாற்றி, மாதக்கணக்கில் இழுப்பது. இன்னொன்று, இதற்குமேல் ஒன்றும் செய்யாமல், வலியில்லாமல் பார்த்துக்கொண்டு, போகிறவரைப் போகவிடுவது. 

“பெரும்பாலானவர்கள்னா, அதுல எங்க அண்ணன் இருக்கானா?” என்று கேட்டேன்.

“அதை என்னால சொல்ல முடியாது, மேடம்.”

“அதைக் கேக்கத்தானே வந்தோம்.”

மதினி மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

நானும் மதிப்பெண் பார்க்கிற தொழில்தான். வங்கியில் கடன் பிரிவு. மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். வீட்டில் யாரும் படிப்பதில்லை. கடன் கேட்டு வருகிறவரின் மதிப்பெண் திரையில் வந்து நிற்கும்; கட்டுவார், கட்டமாட்டார். அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சரியாகவே சொல்லும். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மருத்துவர் அப்படி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கடினமாக இருந்தது.

ஊரிலிருந்தும் ஒரு கணிப்பு வந்திருந்தது. மதினியின் அண்ணன் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கண்டம் பலம், தை பிறந்தால் பார்க்கலாம் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். ஆக இரண்டு பேர், இரண்டு படங்களைப் பார்த்து, ஆளைப் பார்க்காமல். எனக்கு இரண்டுமே வேண்டாம். 

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது, சின்ன வயதிலிருந்தே. எழுந்து நடந்தேன். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஜன்னலுக்கு வெளியே மழை, மழைக்குள் மேம்பாலம், மேம்பாலத்தில் நகராத வண்டிகள். பார்வையாளர் நேரம் வர இன்னும் கொஞ்சம் இருந்தது. காவலாளி என் நடையைப் பார்த்தே களைத்திருக்க வேண்டும். போங்க என்று தலையாலேயே கதவைக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அப்போதுதான் கேட்டேன்.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ், சின்னப் பெண், மராட்டிக்காரி. அண்ணன் காதருகே குனிந்து, தோளைத் தட்டி, உரக்கக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லி, “காகா! டோளே உகடா!” என்றாள். மாமா, கண்ணைத் திறங்க. மறுபடி அதே பெயர். “காகா! ஹாத் தாபா!” கையை அழுத்துங்க.

அவள் கூப்பிட்ட பெயர் எங்கள் அப்பாவுடையது.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அப்பா பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, நம் பெயருக்கு முன்னால் அடக்கமாக நிற்கும். இங்கே அந்த எழுத்தை விடமாட்டார்கள். “ஆட்நாவ் என்ன?” என்று கேட்பார்கள், குடும்பப் பெயர். அப்படி ஒன்று இல்லையென்றால் நம்பமாட்டார்கள், ஏதோ ஒளிக்கிறோம் என்று பார்ப்பார்கள். ராணுவப் பட்டறையில் வேலைக்கு வந்த அப்பா, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது தன் பெயரையே குடும்பப் பெயராகக் கொடுத்துவிட்டார். மராட்டியத்தில் குடும்பப் பெயர் முதலில் வரும். அன்றிலிருந்து எந்தப் பட்டியலிலும் அண்ணனுக்கு முன்னால் அப்பா. கூப்பிடுகிறவர்கள் முதல் சொல்லைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் வீட்டில் அப்பா பெயரை யாரும் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால் அம்மா அண்ணன் தோளை இடிப்பாள்: “நீ சொல்லுலே.” அவன் குரலைத் தாழ்த்தி, ஏதோ கோவிலில் சொல்வது மாதிரிச் சொல்வான். அந்தப் பெயரைத்தான் மராட்டிப் பள்ளியில் வாத்தியார் “அரே” போட்டு, நம் ‘ஏலே’ மாதிரி, கூப்பிட்டார். அரே இன்னார், எழுந்திரு. அரே இன்னார், நீட்டு கையை. பிரம்பு விழுந்தது அண்ணன் கையில், பெயர் அப்பாவுடையது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு அவன் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: “எங்கப்பாவயா அவன் அரேன்னு கூப்பிடுதான்? இனி அந்தப் பேருக்கு நான் திரும்ப மாட்டேன்.”

திரும்பவில்லை. பள்ளியில் முட்டி போட்டான், திரும்பவில்லை. தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுநராகச் சேர்ந்தபின் மேஸ்திரியோடு மல்லுக்கட்டி, தன் பெயரால் கூப்பிட வைத்தான். பாஸ்போர்ட் வாங்கப் போனபோது கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளை அழைத்துவிட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மதினி பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “நான் என்ன செய்ய? எங்கப்பா செத்துப்போயி வருஷக்கணக்காச்சு. அவரக் கூப்புட்டா நானா போக முடியும்?” என்றான். எனக்கும் அதே ஆட்நாவ்தான். என் வங்கியில் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நான் திரும்புகிறேன். பெண்பிள்ளைக்குப் பெயர் எப்படியும் மாறக்கூடியது என்று பழக்கிவிட்டார்களோ என்னவோ. அவன் பழகவில்லை.

அந்த மனிதனைத்தான், மயக்கத்தில் கிடப்பவனை, காலையும் மாலையும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பவில்லை என்று மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

அப்படிக் கூப்பிடுவது தெரியுமா என்று மகளிடம் கேட்டேன். அவள் முதல் நாளே அதைக் கேட்டிருக்கிறாள். “அது சர்நேம்தானே அத்தை? எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க ந.” அவளுக்கு அது தாத்தாவின் பெயர்கூட இல்லை, தன் அலுவலக அட்டையின் கடைசிச் சொல். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மருத்துவரை வராந்தாவிலேயே மறித்தேன். சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“வலிக்கு எந்தப் பெயரும் கிடையாது, மேடம். நகத்தை அழுத்தினா கை பேசணும். உங்க அண்ணன் கை பேசலை. ஸ்கேனுக்கும் பெயர் தெரியாது.”

“சரி. வலியை விட்டுருங்க, ஸ்கேனை விட்டுருங்க. கூப்பிட்டா கண்ணைத் திறக்கலைன்னு போட்டிருக்கீங்களே, அதை அழிங்க. நீங்க கூப்பிட்டது வேற ஆளை. அவர் செத்துப்போனவர். அவர் திறக்க மாட்டார்தான்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “வாங்க” என்றார்.

நாங்கள் மூவரும் படுக்கையைச் சுற்றி நின்றோம். மருத்துவர் முதலில் அண்ணனின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மராட்டி நாக்கில் அது கொஞ்சம் கோணியது, ஆனால் அவன் பெயர்தான். கண் அசையவில்லை. நான் கூப்பிட்டேன்: “அண்ணே. ஏ அண்ணே.” ஒன்றுமில்லை. மகள் “பப்பா” என்றாள். இரண்டாவது தடவை குரல் உடைந்துவிட்டது. நர்ஸ் மதினியைப் பார்த்து, “காகூ, நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க” என்றாள். மதினி பெயர் சொன்னதே கிடையாது. தலைப்பைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். “ஏங்க. ஏங்க, இன்னா நாந்தான். கண்ணத் தொறங்க.” முப்பது வருஷத்து ஏங்க. அரிசி தீர்ந்த ஏங்க, மழைக்குத் துணி எடுக்கச் சொன்ன ஏங்க, கோபத்தில் பல்லைக் கடித்துச் சொன்ன ஏங்க. எல்லாம் போய் அந்த முகத்தில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தன. மூச்சு இயந்திரம் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மன்னிக்கணும்” என்றார் மருத்துவர். அதில் வெற்றி எதுவும் இல்லை.

கீழே கேன்டீனில் மூன்று டீ வாங்கினோம், மூன்றும் ஆறின. மதினிதான் ஆரம்பித்தாள்.

“ஒரு மனுசனுக்கு எத்தன பேரு இருந்தா என்னட்டி? ஒண்ணுக்கும் திரும்பலயே.”

“கூப்பிட்ட உடனே வர்ற ஆளா மதினி அவன்?”

“இங்க பாரு. நல்லா இருக்கும்போது என்ன சொன்னாவ தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து கெடந்தாருல்லா, பாத்துட்டு வந்து, ‘என்னய இப்படிப் போட்டு வச்சே, பேயா வந்து அடிப்பேன்’னாவ.”

“அது நல்லா இருக்கிற மனுசன் சொன்ன பேச்சு.”

“பின்ன, செத்த மனுசனா வந்து சொல்லுவான்?”

மகள் பேப்பர் கப்பின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். மதினி விடவில்லை.

“நீ எழுதுவ. அழுவ, பொறவு எழுதுவ, பொறவு பாணேர்ல ஒன் வீட்டுக்குப் போயி ஏசியப் போட்டுப் படுத்துக்கிடுவ. குளிப்பாட்டுறது யாரு? பீ மூத்திரம் அள்ளுறது யாரு? ‘எழுவான் எழுவான்’ங்கியே, எழலன்னா யாரு தூக்குவா? சொல்லு.”

“நான்.”

“நீயா?” என் நகங்களைப் பார்த்தாள், நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது.

“வாரத்துல மூணு நா தாபோடிக்கு வருதேன். இப்பவே சொல்லுதேன். வரலன்னா செருப்பால அடிங்க.”

“அடிப்பேன்லா.”

“அடிங்க.”

மகள் கப்பை மேசையில் வைத்தாள். “ஒரு வீக் குடும்மா. பப்பாக்கு இல்லே, எனக்கு வேணும். அபி நஹி.” இன்னும் இல்லை, இப்போது இல்லை. அவ்வளவு தமிழ்தான் அவளிடம் இருந்தது. மதினிக்கு அது போதுமாக இருந்தது.

மருத்துவரிடம் ஒரு வாரம் கேட்டது மதினிதான், இந்தியில், எழுந்து நின்று. அவர் தலையசைத்தார். “ஒரு வாரம் நியாயம். வாரம் கழிச்சும் நான் இதையேதான் சொன்னா, என்மேல கோபப்படக் கூடாது.”

“நான் படுவேன்” என்றேன்.

“நீங்க படுங்க. அவங்க படாம இருந்தா போதும்.” பிறகு, போக எழுந்தவர் கதவருகே நின்றார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். எழமாட்டார்னு நாங்க சொல்றோம். குடும்பம் சரின்னு சொல்லுது. எல்லாத்தையும் நிறுத்தறோம். அவர் எழலை. நாங்க சொன்னது சரியாயிடுது. எத்தனை தடவை அப்படிச் சரியானேன்னு எனக்கே தெரியாது. அந்தச் சரி எனக்கும் பிடிக்கிறதில்லை.”

அந்த ஆளை நான் வெறுக்க நினைத்திருந்தேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

மகள் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரியில் தன் அப்பாவின் பெயரை மராட்டியில் பெரிதாக எழுதி, படுக்கைத் தலைமாட்டில் ஒட்டினாள். நர்ஸ் அதைப் பார்த்துப் பார்த்துக் கூப்பிடப் பழகினாள். புரட்டிப் போடும்போது ஒரு தடவை, வாயைத் துடைக்கும்போது ஒரு தடவை, போகிறபோக்கில் ஒரு தடவை. என்னைக் கண்டால் சிரிப்பாள். அவளுக்கு நான் மாவ்ஷி, சித்தி. “மாவ்ஷி, உங்க அண்ணன் வீட்டிலயும் இப்படித்தானா, கூப்பிட்டா பதில் சொல்லமாட்டாரா?” “வீட்டில இதைவிட மோசம்” என்பேன். நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். பார்வையாளர் நேரங்களில் அவன் காதில் தொழிற்சாலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, லோணாவளா லோக்கல் ரயில் எவ்வளவு தாமதம், மழையில் எந்தப் பாலம் முழுகியது என்று சொல்வேன். நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நல்ல வார்த்தை கேட்டால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அவன் அப்படியே கிடந்தான். வாரம் கரைந்தது. ஒவ்வொரு காலையும் மருத்துவர் நகத்தை அழுத்துவார், கண்ணிமையைத் தூக்கி விளக்கடிப்பார், என்னைப் பார்க்காமல் போவார். மதினி ஊருக்குப் போன் போட்டு, யார் யார் வரவேண்டியிருக்கும் என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கேட்காதது மாதிரி இருந்தேன். வேறென்ன செய்ய?

வாரத்தின் கடைசியில் ஒரு காலை. நர்ஸ் வேறொரு பகுதியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். அவசரம், பழைய பழக்கம். குனிந்து, பிளாஸ்திரியைப் பார்க்காமல், எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி, “அரே காகா, டோளே உகடா!” என்றிருக்கிறாள்.

கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கே வந்துவிட்டாள். “மாவ்ஷி! காகா சிட்லே!”

காகாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

புருவம் நெரிந்ததாம். நெற்றி சுருங்கி, குழாயோடு முகம் ஓர் அங்குலம் அந்தப் பக்கம் போனதாம். வேண்டாத சோற்றைத் தள்ளுகிற குழந்தை மாதிரி, என்று தன் முகத்தில் செய்து காட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் பாஸ்போர்ட் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர் வந்தார். நம்பாமல்தான் வந்தார், நம்பாமல் வருவதுதான் அவர் வேலை. அண்ணனின் பெயரைச் சொன்னார், உரக்க. ஒன்றுமில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் பெயரைச் சொன்னார், அதே உரக்க. ஒன்றுமில்லை. பிறகு நர்ஸை நோக்கித் தலையசைத்தார். அவள் “அரே” போட்டு அப்பா பெயரைச் சொன்னாள்.

புருவம் நெரிந்தது.

வெளியே போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து, வரிசையை மாற்றி மறுபடி செய்தார். பக்கத்துப் படுக்கை, அப்பா, அண்ணன். நடுப்பெயருக்கு மட்டும், அப்பாவுக்கு மட்டும், அந்த நெரிப்பு.

“சத்தத்துக்கு வர்ற அனிச்சையா இருக்கலாம்” என்றார்.

“எங்கப்பா பேருக்கு மட்டும் வர்ற அனிச்சையா?”

“இருக்கலாம்னுதான் சொன்னேன், மேடம். இதுக்கு எங்க அட்டவணையில கட்டமே இல்லை. கூப்பிட்டா திரும்பறாரான்னுதான் பார்ப்போம். திரும்ப மறுக்கிறாரான்னு யாரும் பார்த்ததில்லை.”

“ஒரு கட்டம் புதுசா போடுங்க.”

அவர் சிரித்தார். அந்தக் கட்டடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உடனே அடக்கிக்கொண்டார். “நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கலை. தள்ளி வைக்கிறேன். அவ்வளவுதான்.”

மதினி உள்ளே போய், அவன் காலடியில் நின்று, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தவள் கண்ணைத் துடைக்கவில்லை. “தொண்டையில ஓட்டை போடச் சொல்லு” என்றாள். “கோவம் வருதுன்னா மனுசன் உள்ளதான் இருக்காவ. மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்.”

இதை ஓர் அதிசயக் கதையாக எழுதச் சொல்லி யாராவது கேட்டால் எழுதமாட்டேன். கண் திறக்க மேலும் பல நாள் ஆயிற்று. திறந்த கண் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தது. பிறகு மகளைப் பின்தொடர்ந்தது. தொண்டைத் துளையை மூடியபின் வந்த குரல் அவன் குரலாக இல்லை. ஈரச் சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி இருந்தது. வலது கை செத்த கை. ஒரு சொல் தேடப் போனால் திரும்பி வரும்போது வேறொன்றோடு வருவான். தண்ணீர் கேட்க நினைத்துச் சாவி கேட்பான். தட்டை எறிவான். காரணமில்லாமல் அழுவான், அதைவிட மோசமாகக் காரணமில்லாமல் சிரிப்பான்.

நான் வாக்குக் கொடுத்தபடி தாபோடிக்குப் போகிறேன். நகம் வளர்ப்பதில்லை. அவனைப் புரட்ட, துடைக்க, சக்கர நாற்காலிக்கு மாற்ற ஒரு வித்தை இருக்கிறது. இடுப்பை என் இடுப்போடு சேர்த்துத் திருப்ப வேண்டும், மோசமாக ஆடும் ஜோடி நடனம் மாதிரி. ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும். ஒரு மோசமான நாளில் என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, மிகவும் தேடி, சரியான சொல்லையே எடுத்து வந்தான்.

“ஏன் வச்சிருக்க?”

பேயாக வந்து அடிப்பேன் என்று சொன்னவன் உயிரோடு கேட்டான். “தெரியாது. வாயத் தொற” என்று கஞ்சியை ஊட்டினேன். தின்றான். அடுத்த கரண்டிக்கு அவனே வாயைத் திறந்தான். அதைப் பதில் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நான் அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவனுடையது. எந்த அறையிலும் பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குப் பதிலாக யாரும் அதைக் கேட்டு முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அன்று சண்டை போட்டேன்.

நீங்கள் அறிந்த ஆளாகத் திரும்புவதில்லை என்று மருத்துவர் சொன்னது பலித்துவிட்டதே என்று ஒருநாள் மதினியிடம் சொன்னேன். துணியை உதறிக்கொண்டே, “முந்தி மட்டும் நான் அறிஞ்ச ஆளாக்கும்” என்றாள்.

போன மாதம் அவனைக் காட்ட மறுபடி அதே மருத்துவமனைக்குப் போனோம். எலும்பு வயிற்றிலிருந்து தலைக்குத் திரும்பி, தையல் ஆறி, முடிகூட வளர்ந்திருந்தது. வெளிநோயாளிகள் கூடத்தில் நல்ல கூட்டம். சக்கர நாற்காலியில் அவன், ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மதினி. நான் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தேன்.

முன்மேசையிலிருந்து ஒரு பையன் மைக்கில் எங்கள் அப்பாவைக் கூப்பிட்டான்.

மகள் பாதி எழுந்தாள். மதினி நாற்காலியின் பிரேக்கை விடுவிக்கக் குனிந்தாள். அண்ணனின் இடது கை இறங்கி, சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பட்டறைக்காரன் கை, அந்த ஒரு கையில் இன்னும் பலம் இருக்கிறது.

மறுபடி கூப்பிட்டார்கள்.

“பப்பா, நம்ம டர்ன். ப்ளீஸ் ந.”

“ஏங்க, நம்மளத்தான் கூப்புடுதான். கைய எடுங்க.”

அவன் யாரையும் பார்க்கவில்லை. நெற்றி சுருங்கியது. சொல்லைத் தேடிப் போனான். நாங்கள் மூவரும் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இந்தத் தடவை எதோடு திரும்பி வருவானோ என்று.

“அவரு,” என்றான். சுண்ணாம்பு உதிர்ந்தது. “இல்ல.”

மகள் மேசைக்கு ஓடப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். நானும் உட்கார்ந்தேன், அவனுக்குப் பக்கத்தில், நடக்காமல். பையன் மூன்றாம் தடவையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். மதினி தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே மருத்துவர் புது ஸ்கேனை வைத்துக்கொண்டிருப்பார்: நடப்பாரா, வலிப்பு வருமா, இன்னும் எவ்வளவு. கணித்து வைத்திருப்பார், அக்கறையோடுதான்.

இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். அதுவரை காத்திருக்கட்டும்.